விடுதியும் வீடும்

சில மாதங்களுக்கு முன், ஒக்லாந்தின் சண்ட்றிங்ஹாம் பகுதியில் நண்பர் ஒருவரின் வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் இருந்தோம். பேச்சு நண்பரின் தாயாரைப் பற்றியது. அவருக்கு வயது தொண்ணூறு. இரண்டு தடவை குளியலறையில் விழுந்துவிட்டார். இரவில் எழுந்து வெளிக்கதவைத் திறந்து "வள்ளம் வந்திட்டுதோ?" என்று கேட்கிறார். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் நண்பர் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

பக்கத்து அறையில் தாயார் விழித்திருந்தது எங்களுக்குத் தெரியாது. தேநீர் ஊற்றும் நேரம் கதவைப் பிடித்தபடி வந்து நின்றார்.

"உன்னைப் பத்து வயதிலை போடிங்கிலை விட்டனாங்கள்தானே தம்பி. அழுதுகொண்டு நிண்டனி. உன்ரை நன்மைக்குத்தான் விட்டது. இப்ப நீ என்னை விடு."

அவர் குத்திக்காட்டவில்லை. கடைக் கொப்பியில் நிலுவையை வெட்டிவிடுகிற மாதிரித்தான் சொன்னார். ஆனால் அந்த மேசையில் இருந்த எவராலும் அதற்குப் பிறகு பேச முடியவில்லை. காரணம், ஆறு பேரில் ஐந்து பேர் கத்தோலிக்க மிசன் பாடசாலை விடுதிகளில் வளர்ந்தவர்கள். நால்வர் சுவாமிமாரின் விடுதிகளில், ஒருவர் கன்னியர் மடத்தில். நன்மைக்காக விடப்பட்டவர்கள் நாங்கள். இப்போது இன்னொருவரை அதே நன்மைக்காக விடுவது பற்றிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒருவரை அவருடைய நன்மைக்காகவே அவருடைய வீட்டிலிருந்து பிரிப்பதற்கு யாருக்கு உரிமை உண்டு? அன்றிரவு தொடங்கிய இந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதைத் தொடர்ந்து நாங்கள் வாசித்தவையும் போய்ப் பார்த்தவையும் தங்களுக்குள் சண்டை பிடித்தவையும்தான் இக்கட்டுரை.

*

நாங்கள் இருந்தவை வெவ்வேறு ஊர்களின் வெவ்வேறு விடுதிகள். ஆனால் ஞாபகங்களை மேசையில் கொட்டிப் பார்த்தபோது எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. பெயர் எழுதிய றங்குப்பெட்டி. உடுப்பில் நூலால் தைத்த இலக்கம். விடியற்காலை மணி. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். பூசை. பாணும் சம்பலும். மாலையில் விளையாட்டு, செபமாலை, படிப்பு நேரம். ஒன்பது மணிக்கு விளக்கணைந்த பிறகு நீண்ட மண்டபத்தின் ஏதோ ஒரு மூலையில், முதல் தவணைக்கு வந்த ஒரு பிள்ளை தலையணைக்குள் அழும் சத்தம். அதைக் கேட்காதது போலப் படுத்திருக்கப் பழகியதுதான் நாங்கள் அங்கே கற்ற முதற் பாடம்.

எழுதிய கடிதங்களை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். பொறுப்பாளர் வாசித்த பிறகே அவை தபாலுக்குப் போகும். ஆகவே எல்லோருடைய கடிதமும் ஒரே மாதிரித் தொடங்கியது: 'நான் இங்கு சுகம்.' எங்களில் ஒருவருடைய அம்மா அப்படியான முப்பத்தெட்டுக் கடிதங்களை இடம்பெயரும் வரை பெட்டியில் வைத்திருந்தார். அவற்றில் ஒன்றிலும் அவர் பிரம்பால் அடிபட்ட நாள் இல்லை. காய்ச்சலில் கிடந்த வாரம் இல்லை.

இவை மட்டும் அல்ல. விடுதியில்தான் எங்களுக்கு நூல்நிலையம் கிடைத்தது. மன்னார்ப் பிள்ளையும் முல்லைத்தீவுப் பிள்ளையும் தீவுப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து உண்டதும் அங்கேதான். கணக்கு விளங்காத பிள்ளைக்கு இரவு பத்து மணிவரை பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்த சுவாமி ஒருவரை நினைக்கும்போது எங்களில் ஒருவர் இன்றும் குரல் தழுதழுக்கிறார். அவர்தான் மற்றப் பிள்ளைகளுக்கு அடித்தவரும்.

*

யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளியை வேரூன்ற வைத்தவர்கள் அமெரிக்க மிசனரிமார். 1816இல் வந்த அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியையும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கினார்கள். பகலில் பள்ளிக்கு வந்துவிட்டு இரவில் வீடு திரும்பும் பிள்ளை, பகலில் கற்றதை இரவில் மறந்துவிடும் என்பது அவர்களுடைய கணிப்பு. எனவே இரவும் தங்களிடமே இருக்க வேண்டும். உணவும் உடையும் இலவசம். செலவைத் தாங்கிய அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்று நமது தமிழ்ப் புலமை வரலாற்றில் இருக்கும் பெயர்களில் முற்பாதி அந்த வழக்கத்தின் தழும்பு. பிற்பாதி பெற்றோர் விட்டுக்கொடுக்காத பங்கு. பெயரிலேயே விடுதியும் வீடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

கத்தோலிக்கர் சற்றுப் பிந்தி வந்தார்கள். பிரான்சிலிருந்து அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் 1847இல் இலங்கையை அடைந்தனர். 1850இல் ஆயர் பெற்றாக்கினியின் காலத்தில் யாழ்ப்பாண ஆண்கள் செமினறி தொடங்கப்பட்டது. 1881இல் அது ஐரிஷ் மக்களின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் பெயரைப் பெற்றது. இதுவே நாம் 'சென் பற்றிக்ஸ்' என்று சொல்லும் சம்பத்திரிசியார் கல்லூரி. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் வந்தபின் பெண்களுக்கான மடங்களும் விடுதிகளும் எழுந்தன. பேருந்து இல்லாத, பாலம் இல்லாத காலத்தில் தீவுப்பகுதியிலோ வன்னியிலோ பிறந்த பிள்ளை மேற்படிப்புப் படிப்பதென்றால் விடுதியைத் தவிர வேறு வழி இல்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது அதற்கு வெளியே நின்ற சிலவற்றில் சம்பத்திரிசியாரும் ஒன்று. ஐரிஷ் குருமார் அங்கே பல தலைமுறைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தார்கள். அவர்களுடைய சொந்த மண்ணில் சொந்த மொழி ஆங்கிலத்துக்கு முன்னால் ஒதுங்கிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டு மொழியை இழப்பதென்றால் என்னவென்று அறிந்த மக்களின் பிள்ளைகள்தான் அந்த ஆசிரியர்கள்.

*

1850 என்ற ஆண்டு எங்களுக்கு ஒக்லாந்திலும் எதிர்ப்பட்டது. துறைமுகப் பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போனால் நோர்த்கோட் வரும். அங்கே கொலிஜ் றோட் என்று ஒரு வீதி. முப்பது வருடமாக அதனால் போய்வருகிறோம். எந்தக் கல்லூரி என்று கேட்டதில்லை. அந்த இரவுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகப் போய்ப் பார்த்தோம். அது ஹாற்றோ பெற்றேரா. புனித பேதுரு என்பதை மாவோரி நாக்கு அப்படி உச்சரிக்கிறது.

பிரெஞ்சு ஆயர் பொம்பலியே 1838 ஜனவரியில் வடக்கே ஹோக்கியாங்காவில் வந்திறங்கி, நியூசிலாந்தில் கத்தோலிக்க மிசனைத் தொடங்கியவர். 1850இல் ஆளுநர் ஜோர்ஜ் கிறே அவருக்கு இந்த வடகரையில் 376 ஏக்கர் நிலத்தைக் கல்விக்கென வழங்கினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1847இல், அதே கிறேயின் கல்விச் சட்டம் மிசன் பாடசாலைகளுக்கு அரச பணம் கொடுத்தது. நிபந்தனைகள் மூன்று: சமயக் கல்வி, கைத்தொழிற் பயிற்சி, ஆங்கிலம். பிள்ளையைக் கிராமத்திலிருந்து எடுத்து விடுதியில் வைத்தால் அது மாறும், அதைக்கொண்டு கிராமமும் மாறும் என்பது எண்ணம். வட்டுக்கோட்டையில் போட்ட அதே கணக்கு, உலகத்தின் மறுகரையில். யார் யாரைப் பார்த்து எழுதியதும் அல்ல. அந்த நூற்றாண்டின் காற்றிலேயே அது இருந்தது.

அந்த நிலத்தில் 1928இல் மில் ஹில் குருமார் மாவோரி உபதேசிமாருக்கான பாடசாலையைத் திறந்தார்கள். 1946 முதல் மரிஸ்ற் சகோதரர்களின் கையில் அது மாவோரி ஆண்பிள்ளைகளுக்கான இடைநிலைப் பாடசாலையாயிற்று. அந்த முதல் ஆண்டிலேயே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர், ஹோக்கியாங்காவுக்கு வடக்கே மிற்றிமிற்றி என்ற ஒதுங்கிய கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை. அவர்தான் பின்னாளில் கறுப்பு நிறத்துக்குள் இத்தனை கறுப்புகள் உண்டா என்று வியக்க வைத்த ஓவியர் றல்ஃப் ஹோற்றெறே. 1949 வரை அங்கே படித்தார். தூரத்துக் கடலோரப் பிள்ளை, விடுதி, பிறகு பெரிய உலகம். எங்கள் நண்பரின் கதையை இன்னொரு தேசப்படத்தில் வரைந்தது போல இருந்தது.

ஆங்கிலத்துக்கும் உபதேசத்துக்குமாகத் தொடங்கிய அந்த வளவு, காலப்போக்கில் மாவோரிகளின் சொந்த இடமாக மாறிவிட்டது என்பதுதான் விசித்திரம். அரசாங்கப் பாடசாலைகளில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறை வளர்ந்து, 1972இல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் மாவோரி மொழிக்காக நாடாளுமன்றத்துக்கு மனுக் கொண்டுபோனது. 1987இல் அது அரச கரும மொழியாயிற்று. வெவ்வேறு குலங்களின் பிள்ளைகள் ஒன்றாக உண்டு உறங்கி ஹக்கா ஆடிய ஹாற்றோ பெற்றேரா போன்ற விடுதிகள் அப்போது மாவோரிக் குடும்பங்கள் பெருமையுடன் தம்முடையவை என்று சொல்லும் இடங்களாகிவிட்டன. ஆனால் 2016இல் அதன் விடுதி மூடப்பட்டது. தூரத்துப் பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை. விடுதியை நம்பியே நின்ற பாடசாலை அதன்பின் நெடுநாள் தாங்கவில்லை. 2018 ஆகஸ்ட் 31இல் அதுவும் மூடப்பட்டது. பழைய மாணவர்களும் குடும்பங்களும் எதிர்த்தும் பலனில்லை.

வீட்டிலிருந்து பிள்ளைகளைப் பிரிக்கவென்று கட்டப்பட்ட ஓரிடம் மூடப்படும்போது, அந்த வீட்டுக்காரர்களே ஏன் அழுகிறார்கள்? வேலிக்கு வெளியே நின்றுகொண்டு எங்களுக்குள் இதைத்தான் கேட்டோம்.

*

இதற்கு விடுதியின் நண்பர்கள் சொல்லும் பதில் நமக்கு நன்கு பழக்கமானது. 'அதனால்தான் ஆளானோம்.' ஒவ்வொரு ஆண்டு நிறைவு மலரிலும் இந்த வசனம் ஏதோ வடிவில் இருக்கும். வைத்தியரும் எந்திரியும் நீதிபதியும் எழுதுவார்கள். அடி வாங்கியதைக் கூடச் சிரிப்புடன் எழுதுவார்கள்.

இந்தப் பதிலில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, மலருக்கு எழுதுபவர்கள் தேறியவர்கள். இரண்டாம் தவணையில் மதில் ஏறிப் பாய்ந்தவன் மலருக்கு எழுதுவதில்லை. இரவில் தனக்கு நடந்ததை ஐம்பது வருடமாக மனைவிக்கும் சொல்லாதவர் மலருக்கு எழுதுவதில்லை. நியூசிலாந்தில் அரச, சமயப் பராமரிப்பு நிலையங்களில் நடந்த கொடுமைகளை விசாரித்த அரச ஆணைக்குழு 2018இல் அமைக்கப்பட்டு, 2024 ஜூலையில் தனது இறுதி அறிக்கையை வெளியிட்டது. 1950க்கும் 2019க்கும் இடையில் அவ்விடங்களில் துன்புறுத்தப்பட்டோர் சுமார் 200,000 பேர் என்பது அதன் மதிப்பீடு. 2024 நவம்பர் 12இல் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த எங்களில் ஒருவர் பாதியில் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. தலையணைக்குள் அழும் சத்தம் கேட்காதது போலப் படுத்திருக்கக் கற்றவர்கள் அல்லவா.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. ஒருவர் நல்ல ஓவியரானார் என்பதற்காக, அவரைப் பிரித்தது சரியாகிவிடாது. பிரிக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருப்பார் என்ற கணக்கு எவர் கையிலும் இல்லை. பலனைக் கொண்டு நியாயம் தீர்ப்பதானால், எங்களைத் துரத்திய யுத்தத்துக்கும் நாங்கள் நன்றி சொல்ல வேண்டி வரும். அதனால்தானே ஒக்லாந்தில் வீடும் காரும் வந்தன!

*

பலனை விட்டு, விடுதிகளையே ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். எங்களை உலுக்கிய செய்தி கனடாவிலிருந்து வந்தது. இதை வாசிப்பவர்களில் பலர் அங்கே வாழ்பவர்கள். ஆகவே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி அறிந்திருப்பீர்கள். ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் அவற்றினூடாகச் சென்றார்கள். 2015இல் அறிக்கை தந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு, 3,200க்கு மேற்பட்ட பிள்ளைகளின் மரணங்களைப் பதிவு செய்தது. கத்தோலிக்கரின் பொறுப்பில் இருந்தவற்றில் பெரும்பங்கை, 2021இல் உலகச் செய்தியான கம்லூப்ஸ் உட்பட, நடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள். ஆம், யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியாரை வளர்த்த அதே சபை. 1991இல் அச்சபையினர் கனடாவின் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

அதே சபை, அதே அங்கி, அதே விடியற்காலை மணி. ஓரிடத்தில் நன்றியுடன் மலர் வெளியிடுகிறார்கள். மற்ற இடத்தில் பிள்ளைகளின் புதைகுழிகளைத் தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு நல்ல குருமாரும் கனடாவுக்குக் கெட்ட குருமாரும் அனுப்பப்பட்டார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. அப்படியானால் வேறுபாடு எங்கே?

இங்கேதான் எங்கள் நண்பர் வாய் திறந்தார். 1967இல் தகப்பனார் அவரை விடுதியில் விட்டுவிட்டுப் படலைவரை போய், திரும்பி வந்து காதுக்குள் சொன்னாராம்: "ஏலாட்டில் ஒரு சொல்லுச் சொல்லியனுப்பு. அடுத்த வள்ளத்தோடை வந்து கூட்டிக்கொண்டு போறன்." நண்பர் ஒருநாளும் சொல்லியனுப்பவில்லை. ஆனால் எட்டு வருடமும் அந்த வள்ளத்தின் மேலேதான் படுத்து நித்திரை கொண்டதாகச் சொன்னார்.

வேறுபாடு அந்த வள்ளம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். கனடாவில் 1920இன் சட்டத் திருத்தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. மறுத்தால் தண்டனை. ஓடிவந்த பிள்ளையைப் பொலிஸ் திரும்பக் கொண்டுபோய் விட்டது. பெற்றோரிடம் வள்ளம் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோர் தாமே கொண்டுபோய் விட்டார்கள், காசு கட்டினார்கள், பிடிக்காவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாவலர் காலத்திலிருந்து சைவப் பாடசாலைகள் எழுந்தன. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வந்தது. பிள்ளையை வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது விடுதிக்காரருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே தமிழ் நாக்கிலிருந்து பிடுங்கப்படவில்லை. திருநீறு பூசிய பிள்ளைக்கும் விடுதியில் இடம் கிடைத்தது. குருவின் கை ஓங்கும் அளவைத் தீர்மானித்தது குருவின் புண்ணியம் மட்டுமல்ல; வாசலில் நிற்கக்கூடிய தகப்பனும்தான்.

ஹாற்றோ பெற்றேரா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிலத்தை இழந்த மக்களுக்குத் தெரிவுகள் குறைவு. ஆனால் அவர்கள் தங்கள் பாட்டுடனும் மொழியுடனும் விடுதிக்குள் வந்து குந்திவிட்டார்கள். பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப்போக முடியாத இடத்தில், வீட்டை உள்ளே கொண்டுவந்தார்கள். அது மூடப்பட்டபோது அழுதது விடுதிக்காக அல்ல, உள்ளே கொண்டுவந்து சேர்த்திருந்த அந்த வீட்டுக்காக என்று இப்போது எங்களுக்கு விளங்குகிறது.

*

இந்த இடத்தில் நாங்கள் திருப்தியுடன் எழுந்து போயிருக்கலாம். கன்னியர் மடத்தில் வளர்ந்த தோழிதான் விடவில்லை.

"வள்ளம் வைச்சிருந்தது ஆற்றை தகப்பன்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பலம் என்று நாங்கள் பெருமையுடன் சொன்னது எல்லாப் பெற்றோரின் பலமும் அல்ல. அமெரிக்க மிசனின் தொடக்க காலத்தில், மிசன் வளவுக்குள் சமைத்ததை உண்ண வேளாளப் பிள்ளைகள் மறுத்ததால், வளவுக்கு வெளியே தனிச் சமையலறைக்கு மிசனரிமார் இணங்க வேண்டியிருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது, பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தியவர்கள் யார்? பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்கள் யார்? திரும்பக் கூட்டிப்போகும் உரிமையை, பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருக்கக்கூடாது என்பதற்காகப் பயன்படுத்தியவர்கள் நம்மவர்தான். யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் போன்றோர் சம ஆசனத்துக்காக நின்றார்கள் என்பது ஓர் ஆறுதல்.

தகப்பன் இல்லாத பிள்ளை, விடுதிக்குக் காசு கட்ட வழியில்லாத பிள்ளை, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை, இவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் வள்ளம் வரவில்லை. தோழியின் மடத்தில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தார்களாம். காசு கட்டிய பிள்ளைகள் படித்தார்கள். காசு கட்டாத அநாதைப் பிள்ளைகள் படித்தும், மற்றவர்களுடைய உடுப்பைத் தோய்த்தும் வந்தார்கள். ஒரே கூரை, ஒரே மணி. தோழி தன்னுடைய உடுப்பைத் தோய்த்த சிறுமியின் பெயரை இன்றுவரை மறக்கவில்லை. அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை என்பதையும் மறக்கவில்லை.

ஆகவே பெற்றோரின் உரிமை என்று மட்டும் சொன்னால் போதாது. வலிமையான பெற்றோர் இல்லாத பிள்ளைக்கும் 'ஏலாது' என்று சொல்ல ஒரு காதும், சொன்னால் கூட்டிப்போக ஒரு வள்ளமும் இருக்க வேண்டும். அதை ஏற்படுத்தாமல் நன்மைக்காகப் பிரிப்பவர், அந்த நன்மை உண்மையிலேயே கிடைத்தாலும், பிள்ளைக்குத் தவறு செய்தவரே. இதுதான் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு. விடுதி நல்லதா கெட்டதா என்ற பழைய பட்டிமன்றத்தை நாங்கள் தீர்க்கவில்லை.

*

இனித் தாயாரின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். "விட்டனாங்கள்." அந்த நாங்களுக்குள் யார் யார் இருந்தார்கள்? தகப்பனும் தாயும் இருந்தார்கள். ஒருவேளை பங்குச் சுவாமியும் இருந்திருப்பார். அழுதுகொண்டு நின்ற பத்து வயதுப் பிள்ளை அதற்குள் இல்லை. தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் நாங்கள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடே இல்லை. மாவோரியில் உண்டு: கேட்பவரையும் சேர்த்தால் 'தாத்தோ', வெளியே நிறுத்தினால் 'மாத்தோ'. இரண்டு 'நாம்' தெரிந்த இரண்டு மக்களின் பிள்ளைகளையும், ஒரே ஒரு 'நாம்' மட்டுமே உள்ள மொழியில் விடுதிகள் படிப்பித்தன.

ஆனால் குற்றம் ஆங்கிலத்தின் மேல் அல்ல. அன்று குசினி மேசையில் இருந்த ஆறு பேரும் செய்தது அதே காரியம்தான். தாயாரைப் பற்றி, அவருடைய நன்மைக்காக, கதவைச் சாத்திக்கொண்டு 'நாங்கள்' பேசினோம். அதற்கும் முன்னால், எங்கள் பிள்ளைகளைக் கைக்குழந்தைகளாக இந்த நாட்டுக்குத் தூக்கி வந்தோம். அவர்களுடைய நன்மைக்குத்தான். குண்டு விழும் இடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கி ஓடியவர்களை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினைந்து வயதில் மகள் "நான் இங்கை ஆர் அப்பா?" என்று கேட்டபோது எங்களில் எத்தனை பேர் இருந்து கேட்டோம்? 'நான் இங்கு சுகம்' என்று எழுதுகிற மாதிரித்தானே அவர்களையும் பதில் சொல்லப் பழக்கினோம்.

இரண்டாம் முறை கூடியபோது தாயாரையும் மேசையில் இருத்தினோம். அவருடைய ஞாபகம் வந்து வந்து போகும். வந்திருந்த அரை மணித்தியாலத்தில் தெளிவாகப் பேசினார். தனக்குப் பயம் விழுவதில் அல்ல என்றார். தமிழ் பேச ஆளில்லாத இடத்தில், பசிக்கிறது என்பதை எப்படிச் சொல்வது என்பதுதான் பயம் என்றார். நாங்கள் பட்டியல் போட்டிருந்த ஆபத்துகளில் அது இருக்கவில்லை.

அவர் இப்போது வீட்டிலிருந்து இருபது நிமிட ஓட்டத்தில் உள்ள ஓர் இல்லத்தில் இருக்கிறார். மூன்று மாதம் பார்ப்பதென்று பேச்சு. அவருடைய கட்டிலும் சாமிப்படமும் வீட்டு அறையில் அப்படியே இருக்கின்றன. நாளுக்கு ஒருவராகப் போகிறோம். எங்களில் இருவருக்கு வியாழக்கிழமை. பசி, தண்ணீர், நோகுது, வீட்டை போவம் என்ற சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பராமரிப்பவர்கள் உச்சரிக்கக் கூடியதாகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அவர்களில் சாமோவாவிலிருந்து வந்த ஒரு பெண் 'பசி'யை எங்களைவிட நன்றாகச் சொல்கிறார். விட்டுவிட்டு வந்த அன்று நண்பர் படலைவரை போய், திரும்பி வந்து தாயாரின் காதுக்குள் குனிந்தார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை அவர் எங்களைப் பார்த்து, "வள்ளம் வந்திட்டுதோ?" என்று கேட்டார். வழக்கமான பிதற்றல்தானா, அல்லது அந்தச் சொல்லைத்தான் சொல்லியனுப்புகிறாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. நண்பர் வேலையைப் பாதி நேரமாகக் குறைக்க முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை அதே மேசையில் மறுபடி கூடுகிறோம். தாயாரைக் கூட்டி வர ஒரு கார் ஒழுங்கு செய்திருக்கிறோம்.